பெரிய டிஸ்க் ஒன்றா, சிறிய டிஸ்க் இரண்டா?

வணிகம் செய்பவனுக்கு முதல் எவ்வளவு முக்கியமோ, கணக்கும் அவ்வளவு முக்கியம் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அதனால்தான் சிட்டையும் பேரேடும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஆயுத பூஜையன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைக்கும்போது கணக்குப் புத்தகத்துக்கும் பொட்டு வைத்தோம்.

இன்று நம்மில் பெரும்பாலோர் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம். பில் போடுவது, கொள்முதல் எழுதுவது, கடன் பாக்கி பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பது எல்லாம் அதில்தான். அந்தக் கம்ப்யூட்டருக்குள் உள்ளங்கை அகலத்தில் இருக்கிற ஹார்டு டிஸ்க்தான் இன்றைய நமது பேரேடு. ஆனால் ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட அதை வாங்கும்போது நாம் காட்டுவதில்லை. விற்பவர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வருகிறோம். அப்படி வாங்கி அடிபட்டவர்கள் நாங்கள். ஆகவே அந்த அனுபவத்தையும், அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சக வணிகர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதுகிறோம்.

ஒரு மழைக்கால இரவு

எங்கள் மளிகைக் கடை ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். சாமை, புளி, தேன், கடுக்காய் என்று அவர்கள் கொண்டுவருவதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு வேண்டிய மளிகையைக் கொடுக்கிறோம். சாமை அறுவடை முடியும் வரை கடன் நிற்கும். அறுவடையானதும் கழியும். இந்தப் போக்குவரத்து முழுவதும் கணக்கை நம்பியே நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில் இடி இடித்து மின்சாரம் போனது; வந்தது; மறுபடியும் போனது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்ததே தவிர, திரையில் எதுவும் வரவில்லை. டிஸ்க் போய்விட்டது. உள்ளே இருப்பதை மீட்டுத் தர முடியுமா என்று நகரத்தில் ஒரு நிறுவனத்தை விசாரித்தோம். புதிய டிஸ்க் பத்து வாங்கும் பணத்தைக் கேட்டார்கள். அப்போதும் உறுதி சொல்ல மாட்டோம் என்றார்கள்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு பில்களும் கடன் பாக்கிப் பட்டியலும் போயின. பாக்கி உள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதினோம். பெரும்பாலோர் நேர்மையாகவே சொன்னார்கள். எங்களுக்கு நினைவில்லாத பாக்கியைக்கூடத் தாங்களே வந்து சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஓர் அம்மாள் மட்டும், "போன தடவை புளி போட்டப்பவே கழிச்சுக்கிட்டீங்களே அண்ணே" என்றார். எங்கள் நினைவில் 1,800 ரூபாய் நின்றது. கழித்தோமா இல்லையா என்று காட்ட எங்களிடமும் எழுத்து இல்லை, அவரிடமும் இல்லை. தொகையை விட்டுவிட்டோம். அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு வருவது குறைந்துபோனது. பொய் சொன்னதாக நாங்கள் நினைத்துவிட்டோமோ என்ற வருத்தம் அவருக்கு. உண்மையிலேயே அவர் கட்டியிருந்தால் அந்தப் பழி எங்களைச் சேர்ந்ததுதானே? கணக்கு தொலைந்தால் நட்டம் கடைக்காரனுக்கு மட்டும் அல்ல. கட்டியதற்குச் சாட்சி இல்லாமல் நிற்கிற ஏழை வாடிக்கையாளருக்கும்தான் என்று அன்று புரிந்தது.

சட்டம் கேட்கிற காலம்

இனி வரிச் சட்டத்தின் பக்கம் வருவோம். மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36-வது பிரிவின்படி, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நம்மில் பலர் இதை 'ஆறு வருஷம்' என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-25 நிதியாண்டின் ஆண்டு அறிக்கைக்குக் கெடு 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் 31 வரை. ஆக, 2024 ஏப்ரலில் போட்ட பில்லை ஏழே முக்கால் ஆண்டு காக்க வேண்டும். மேல்முறையீடு, விசாரணை என்று எதுவும் நிலுவையில் இருந்தால் அது முடிந்து ஓராண்டு வரையிலும் வைத்திருக்க நேரும்.

கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு விதி 57 இன்னொன்றும் சொல்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் அதைத் திரும்ப எடுக்கும்படி முறையான மின்னணு நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. 'இடி விழுந்து போய்விட்டது ஐயா' என்று அதிகாரியிடம் சொன்னால், 'நகல் எங்கே?' என்ற கேள்விதான் வரும். நாம் தாக்கல் செய்த அறிக்கை அரசாங்க இணையத்தில் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். சில்லறை விற்பனையைப் பொறுத்தவரை அங்கே இருப்பது மொத்தத் தொகைதான். தனித்தனி பில் அங்கே இல்லை. கடன் பாக்கி அங்கே கிடையவே கிடையாது.

டிஸ்க் கம்பெனிகள் தருகிற உத்தரவாதக் காலத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு. நாள் முழுவதும் ஓடுவதற்கென்று செய்த டிஸ்க்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. சட்டம் கேட்பதோ ஏழே முக்கால் ஆண்டு. அதாவது, எந்த டிஸ்க்கை வாங்கினாலும் நம் கணக்கு அந்த டிஸ்க்கின் உத்தரவாதத்தைவிட நீண்ட நாள் வாழ வேண்டியிருக்கிறது. உத்தரவாதம் என்பதும் டிஸ்க்குக்குத்தான். பழுதானால் வேறு டிஸ்க் தருவார்கள். அதில் நம் கணக்கு இருக்காது.

எவ்வளவு இடம் வேண்டும்?

டிஸ்க் வாங்கப் போனால் முதலில் நம் தலையில் கட்டப் பார்ப்பது அளவைத்தான். 'எட்டு டெராபைட் எடுங்க, பிற்காலத்துக்கு உதவும்' என்பார்கள். நாம் நம் தேவையைக் கணக்கிட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஒரு நாளைக்கு 300 பில் போடுகிற கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில்லுக்கு 5 கிலோபைட் என்று தாராளமாகவே போட்டாலும் நாளைக்கு ஒன்றரை மெகாபைட்தான். கொள்முதல் பில்களை தினமும் 20 படம் எடுத்து வைத்தால், படம் ஒன்றுக்கு 500 கிலோபைட் வீதம் 10 மெகாபைட். இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4 ஜிகாபைட். எட்டு ஆண்டுக்கு 34 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான்.

இடத்தைத் தின்பது கணக்கு அல்ல, கேமரா. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் ஆகும். நான்கு கேமரா முப்பது நாள் பதிவு செய்தால் 2.6 டெராபைட் வேண்டும். ஆகவே கேமரா உள்ள கடைக்குப் பெரிய டிஸ்க் தேவைதான். ஆனால் அதைக் கேமராப் பெட்டியிலேயே தனியாகப் போடுங்கள். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கிற டிஸ்க்கில் கணக்கையும் சேர்த்து வைப்பது, தானிய மூட்டையோடு மண்ணெண்ணெய் டின்னையும் அடுக்குவது போன்றது.

அளவு பற்றி இன்னொரு செய்தி. ஒரு டெராபைட் என்று வாங்கி வந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் 931 ஜிகாபைட் என்றே பெரும்பாலும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர் 1,024 வீதம் எண்ணுகிறது. பட்டணம் படியும் உள்ளூர்ப் படியும் புழங்கிய காலத்தில் நம் தாத்தாக்கள் கண்ட வேறுபாடு மாதிரிதான் இதுவும். படி எது என்று தெரிந்து வாங்கினால் போதும்.

ஒன்றுக்குப் பதில் இரண்டு

எங்கள் கருத்து இதுதான்: ஒரு பெரிய டிஸ்க்குக்குப் போடுகிற பணத்தை இரண்டு சிறிய டிஸ்க்குக்குப் போடுங்கள்.

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஓட்டி, எத்தனை பழுதாகின்றன என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-ஆம் ஆண்டில் அது 1.57 சதவீதம். நூற்றுக்கு ஒன்றரைதானே என்று தோன்றும். இதே விகிதம் எட்டு ஆண்டு தொடர்ந்தால் நூற்றில் ஏறத்தாழ 12 டிஸ்க் போய்விடும். அதுவும் குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில் ஓடுகிறவை. மிளகாய் நெடியும் மாவுத் தூசியும் உள்ள நம் கடையில் அதைவிடக் கூடுமே தவிரக் குறையாது. ஆனால் ஒரே கணக்கு இரண்டு டிஸ்க்கில் இருந்து, இரண்டும் தனித்தனிக் காரணத்தால் பழுதாக வேண்டுமானால், அதே எட்டு ஆண்டில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஒன்று போனதும் உடனே மாற்றிவிட்டால் அந்த அபாயம் மிகமிகச் சொற்பம். டிஸ்க்கின் விலையை உயர்த்தி இந்தப் பாதுகாப்பைப் பெற முடியாது; எண்ணிக்கையை உயர்த்தித்தான் பெற முடியும்.

இதற்குத்தான் வீட்டு சர்வர் என்று ஒன்றை நாங்கள் அமைத்துக்கொண்டோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பிள்ளைகள் படித்துவிட்டு ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மாடியில் வைத்து, அதில் புதிய டிஸ்க் போட்டிருக்கிறோம். கீழே கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் இரவு கடை கட்டியதும் அன்றைய கணக்கை ஒயர் வழியாக மாடிக்கு அனுப்பிவிடும். பழைய கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் 'நாஸ்' என்ற சிறு பெட்டியை வாங்கலாம், வேலை ஒன்றேதான்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டிக்குள் ஜோடியாகப் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் தானாக எழுதும்படி செய்கிற முறையும் இருக்கிறது. அது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த மாதிரி வந்தால் ஒயரில் இணைந்திருப்பதெல்லாம் பூட்டப்படலாம். ஆகவே ஒரு டிஸ்க் எப்போதும் ஒயரைப் பிடுங்கிப் பீரோவில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை மட்டும் மாட்டி நகல் எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டி வைக்க வேண்டும்.

முடிந்தவர்கள் மூன்றாவதாக ஒரு நகலை வேறு ஊரில் வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ வணிகர்களின் கடையும் வீடும் ஒரே நேரத்தில் தண்ணீரில் நின்றன. கடையிலும் வீட்டிலும் நகல் வைத்திருந்தவருக்கும் அன்று பயனில்லை. எங்கள் மூன்றாவது நகல் மாதம் ஒருமுறை சரக்கு வண்டியோடு மலையிறங்கிப் போளூரில் உறவினர் வீட்டுக்குப் போகிறது. அங்கிருக்கும் பழையது திரும்பி வருகிறது. நல்ல இணைய வசதி உள்ள ஊர்க்காரர்கள் அதை இணையச் சேமிப்பிலேயே வைக்கலாம்.

எதை வாங்குவது?

டிஸ்க் வகைகளைப் பற்றி வணிகர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை.

முதலாவது, வேலைக்கு ஏற்ற வகை. பில் போடும் கம்ப்யூட்டரின் உள்ளே எஸ்.எஸ்.டி. இருக்கட்டும், வேகமாக இருக்கும், சுழலும் பாகம் கிடையாது. ஆனால் நகலை ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைக்கச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் மலிவும் பொருத்தமும் ஆகும். எஸ்.எஸ்.டி.யை நெடுநாள் மின்சாரமே காட்டாமல் வைத்தால் எழுத்து மங்கிவிடக்கூடும். பென் டிரைவில் கணக்கை வைப்பதோ கணக்கைச் சட்டைப் பையில் வைப்பதற்குச் சமம். மாடி சர்வரில் நாள் முழுவதும் ஓட வேண்டியதற்கு டபிள்யூ.டி. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் போன்றவை உண்டு. கேமராவுக்கு டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று தனி வகைகள் உண்டு. வாரம் ஒருமுறை மாட்டி எடுக்கும் நகலுக்கு, கையடக்கமான வெளி டிஸ்க் போதும்.

இரண்டாவது, எழுதும் முறை. டிஸ்க்கில் சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு முறை இருக்கின்றன. எஸ்.எம்.ஆர். என்பது ஓட்டுக்கூரை மாதிரி. ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதி, அதே இடத்தில் அதிகம் எழுதிவிடும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதுபோல எழுதியதை மாற்றும்போது இந்த டிஸ்க் மெதுவாகிவிடும். வார நகலுக்கு அதனால் குற்றமில்லை. ஆனால் ஜோடி டிஸ்க் போடுகிற சர்வருக்கு சி.எம்.ஆர். தான் வேண்டும். ஒரு டிஸ்க் பழுதாகிப் புதியதில் மொத்தக் கணக்கையும் திரும்ப எழுதும்போது எஸ்.எம்.ஆர். மிகவும் திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வகையில் சில அளவுகள் எஸ்.எம்.ஆர். என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்று உலக அளவில் கண்டனம் எழுந்தது. பிறகுதான் எந்த மாடல் எந்த முறை என்று வெளியிட்டார்கள். ஆகவே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் விவரத் தாளில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

மூன்றாவது, விலையைப் பார்க்கும் விதம். ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க். எடுத்துக்காட்டுக்காக விலை சொல்கிறோம். ஒன்று 9,000 ரூபாய், இரண்டு ஆண்டு உத்தரவாதம். மற்றது 10,500 ரூபாய், மூன்று ஆண்டு உத்தரவாதம். முதலாவது ஆண்டுக்கு 4,500 விழுகிறது, இரண்டாவது 3,500. விலைச் சீட்டில் மலிவாகத் தெரிவது கணக்கில் மலிவாக இல்லை.

நான்காவது, வாங்கும் நேரம். பழுதான பிறகு ஓடிப்போய் வாங்கினால் அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும். 2011 இறுதியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் டிஸ்க் விலை கிடுகிடுவென ஏறியது. நாசிக்கில் மழை பெய்தால் வெங்காயத்துக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்கிறது. விலை இறங்கியிருக்கும்போது ஒன்றை வாங்கி, சோதித்து, நகல் எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

பில் இல்லாத மலிவு

'பில் வேண்டாமென்றால் ஐந்நூறு குறைத்துத் தருகிறேன்' என்று சிலர் சொல்வார்கள். நாமே வணிகர்கள், இதன் கணக்கு நமக்குத் தெரியாதா? ஹார்டு டிஸ்க்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 5,000 ரூபாய் டிஸ்க் வரியோடு 5,900 ஆகும். முறையான பில்லோடு வணிகத்துக்காக வாங்கினால், வழக்கமான முறையில் வரி கட்டுபவர் அந்த 900 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆக அடக்கம் 5,000. பில் இல்லாமல் 5,400-க்கு வாங்கியவர் 400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவராகிறார். உத்தரவாதமும் அவருக்கு இல்லை. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு வரி வரவு கிடையாது என்றாலும், உத்தரவாதத்துக்காகவாவது பில் வேண்டும்.

பழைய டிஸ்க்கைப் புதியது என்று விற்கும் மோசடியும் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைப் புதியவை என்று சில விற்பனையாளர்கள் விற்றது வெளியானது. ஓடிய நேரத்தைக் காட்டும் பதிவையே பூஜ்யமாக்கி விற்றிருந்தார்கள். வளர்ந்த நாட்டிலேயே இப்படியென்றால் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். உறையைப் பிரிக்கும் முன் டிஸ்க்கின் மேல் உள்ள வரிசை எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு, இந்தியாவில் உத்தரவாதம் உண்டா, எது வரை என்று பாருங்கள். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ஓடிய மணி நேரத்தையும், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். புதிய டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யமாகவோ அதையொட்டியோ இருக்க வேண்டும். அடுத்து டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்துச் சோதிக்க வேண்டும். நான்கு டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவில் விட்டால் காலையில் முடிந்திருக்கும். மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்காமல் நாம் தானியம் இறக்குவதுண்டா?

மலைக்கு உரிய எச்சரிக்கை

மலையில் உயரத்தால் டிஸ்க் கெடும் என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். அது தவறு. டிஸ்க்குகள் பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படி செய்யப்படுகின்றன. நம் மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில்தான். கெடுப்பது உயரம் அல்ல. ஏறி இறங்கும் மின்சாரமும் இடியும். ஆகவே டிஸ்க்குக்கு முன்னால் யு.பி.எஸ். வாங்குங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நகர்த்தவோ தட்டவோ கூடாது. மலைப்பாதையில் கொண்டுபோகும்போது பஞ்சு சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

காவலூரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றதைக் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்த நிகழ்ச்சி அது. அந்த இரவு திரும்ப வராது. பதிவு இருந்ததால்தான் கண்டது கண்டதாக நின்றது. காவலூரை நடத்துகிற இந்திய வான் இயற்பியல் நிறுவனம், கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களையும் இன்று கம்ப்யூட்டர் வடிவில் நகலெடுத்து வைத்திருக்கிறது. நம் கடையில் நேற்று நடந்த வியாபாரமும் திரும்ப வராத ஒன்றுதான். அந்த அம்மாள் புளி போட்ட நாளை எங்களால் மறுபடியும் கொண்டுவர முடியவில்லையே!

சங்கங்கள் செய்ய வேண்டியது

இந்த விஷயத்தைத் தனித்தனியாக ஒவ்வொருவரும் கற்றுக்கொண்டு அடிபடத் தேவையில்லை. ஊர்தோறும் வணிகர் சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று, கூட்டுக் கொள்முதல். இருபது முப்பது உறுப்பினர்கள் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும்; பில்லும் உத்தரவாதமும் உறுதியாகும்; பழுதானதைத் திருப்பி அனுப்பும் அலைச்சலை ஒருவரே எல்லாருக்குமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய இரண்டு டிஸ்க்கும் ஒரே நாள் தயாரிப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டுக்கொள்கிறோம். அதே நாளில் நகல் டிஸ்க்கிலிருந்து போன ஆண்டின் ஏதாவது ஒரு பில்லைத் திறந்து காட்டச் சொல்லலாம். திறக்காத நகல் நகலே அல்ல. நகல் எடுத்ததாக நம்பிக்கொண்டு, தேவைப்பட்ட நாளில் திறந்து பார்த்தால் வெறுமையாக இருந்தவர்களும் நம்மிடையே உண்டு.

மூன்று, எழுதத் தெரிந்த பிள்ளைகளைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு வணிகக் குடும்பத்திலும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒருவர் இருக்கிறார். நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தால், வயதான வணிகர்களின் கடைக்கே போய் நகல் எடுக்கும் முறையை ஏற்படுத்திக் கொடுத்துவிடுவார்கள்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தபோது அது ஒரு டன் அளவு எடையோடு இருந்தது. ஐம்பது தட்டுகள் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. அன்று அதை வாங்கப் பெரிய கம்பெனிகளால்தான் முடிந்தது. இன்று அதைவிடப் பல லட்சம் மடங்கு தாங்குகிற ஒன்று ஒரு மூட்டை அரிசியோ, சில மூட்டை அரிசியோ விற்கிற விலையில் நம் கைக்கு வந்திருக்கிறது. கைக்கு எட்டிய பொருளை இரண்டாக வாங்கி வைக்க நமக்கு என்ன தடை?

நாங்கள் இப்போது தினமும் இரவு கடை கட்டும்போது நகல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறோம். கடன் வாங்குகிறவர்களுக்குச் சிறு சீட்டில் அன்றைய பாக்கியை எழுதியும் கொடுக்கிறோம். அது அவர்கள் கையில் இருக்கிற நகல். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த இதழைப் படித்து முடித்ததும் தங்கள் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஒன்று என்றால், அடுத்த சரக்கு எடுக்கப் போகும்போது பட்டியலில் ஒரு டிஸ்க்கையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.